பூசி மறைத்த சுவர்

அரூப ஓவியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'இது யாருக்குப் புரியும்?' என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். புரிதல் என்பதே இங்கு பொருந்தாத அளவுகோல் என்று பல வருஷங்களாக நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அந்தப் பதில் எனக்கே போதவில்லை. காரணம், நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் இருந்த சில சுவர்கள்.

'அமெரிக்க அரூபக் கலைஞர்கள்' என்ற குழு 1936-ல் நியூயார்க்கில் உருவாயிற்று. அதே வருஷம் அங்குள்ள நவீன கலை மியூஸியம் க்யூபிஸத்துக்கும் அரூபக் கலைக்குமாக ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதில் ஐரோப்பியர்களே நிறைந்திருந்தார்கள். அமெரிக்கர்களில் கால்டர் போல ஓரிருவருக்குத்தான் இடம். பிறர் தராத சுவரைத் தாங்களே தேடிக்கொண்டு, 1937-ல் ஸ்க்விப் காலரியில் குழுவினர் தங்கள் முதல் கண்காட்சியை வைத்தார்கள். 1940-ல் மியூஸியத்தின் வாசலிலேயே மறியல் செய்தார்கள். நவீன கலை மியூஸியம் எவ்வளவு தூரம் நவீனம் என்று கேட்ட அன்றைய துண்டுப் பிரசுரத்தை வடிவமைத்தவர் ஆட் ரைன்ஹார்ட். அந்த வருஷம் நியூயார்க் வந்து சேர்ந்த மோந்திரியானும் பின்னர் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இதுவரை நமக்குப் பழகிய கதைதான். ஸ்தாபனம் மறுக்கிறது, கலைஞன் எதிர்க்கிறான், காலம் அவன் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. மியூஸியத்துக்குள் நுழைவதுதான் நியாயம் கிடைப்பது என்ற நம்பிக்கை இக்கதையின் அடியில் இருக்கிறது. என் சந்தேகம் அதைப் பற்றித்தான்.

மியூஸியம் இவர்களைப் புறக்கணித்த அதே வருஷங்களில் வேறொரு சுவர் இவர்களுக்குக் கிடைத்தது. வேலையற்ற கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு நடத்திய நிவாரணத் திட்டத்தில், நியூயார்க்கின் சுவரோவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் குழுவைச் சேர்ந்த பர்கோய்ன் டில்லர். குறைந்த வருமானக்காரர்களுக்காக அப்போது கட்டப்பட்டு வந்த வில்லியம்ஸ்பர்க் குடியிருப்பின் பொது அறைகளுக்கு அரூப ஓவியங்களை அவர் ஏற்பாடு செய்தார். போலடோவ்ஸ்கி, பால்கம் க்ரீன், பால் கெல்ப்பி, ஆல்பர்ட் ஸ்விண்டன் ஆகியோர் தீட்டினார்கள். உழைப்பாளியின் சுவரில் உழைப்பாளியையே வரைவது அன்றைய பொது வழக்கம். டில்லரின் எண்ணம் வேறு. இவை ஓய்வுக்கான அறைகள். பொருள்களை வர்ணிக்கும் கடமையிலிருந்து விடுபட்ட நிறம் மனத்துக்கு ஓய்வு தரும் என்று அவர் நம்பினார். களைத்து வருகிறவனிடம் எதையும் போதிக்காத ஓவியம் — இதைவிட மரியாதையான ஒரு கலைக் கொள்கையை நான் அறிந்ததில்லை.

பின்னால் அந்த ஓவியங்களின் மேல் வர்ணம் பூசிவிட்டார்கள். மேலும் மேலும் பூசினார்கள். 1980-களின் கடைசியில் அத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து அவை மீட்கப்பட்டன. இன்று ப்ரூக்ளின் மியூஸியத்தில் இருக்கின்றன. போலடோவ்ஸ்கி 1981-லேயே இறந்துவிட்டார்.

பூசியவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பழைய வீட்டுச் சமையலறைச் சுவரில் என் அம்மா பால்கணக்கைக் கரித்துண்டால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாள். அவள் போன இரண்டாவது பொங்கலுக்குக் கூட நின்று வெள்ளையடிக்கச் சொன்னவன் நான்தான். துவேஷம் ஒன்றுமில்லை, சுவர் அழுக்காக இருந்தது, அவ்வளவுதான். அக்கா வந்து, 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?' என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வில்லியம்ஸ்பர்க்கிலும் எனக்குக் கேட்கும் கேள்வி அதுவே. ஓவியத்தை வைத்தது நல்லெண்ணம்; பூசியது அசிரத்தை; பெயர்த்துக்கொண்டு போனது பக்தி. இந்த மூன்று காரியங்களைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. நான் படித்த எதிலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் குரல் இல்லை. அவர்களுக்காகத் தீட்டப்பட்டவை அவர்களிடமிருந்து காப்பாற்றப்பட்டிருக்கின்றன. மீட்டவர்களை நான் குறை கூறவில்லை. மீட்டிராவிட்டால் நான் இதை எழுதவே காரணம் இருந்திராது. ஆனால் மீட்பைத் தீர்ப்பாக நினைப்பது தவறு. 1940-ல் வாசலில் நின்றவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. வில்லியம்ஸ்பர்க்கில் அவர்கள் செய்து பார்த்தது பாதியில் நிற்கிறது.

குழு இன்றும் இருக்கிறது, கண்காட்சிகள் நடத்துகிறது. எதிரி என்றோ சரணடைந்த பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். நான் அப்படிக் கேட்க மாட்டேன். அங்கீகாரத்துக்காக மட்டும் கூடியவர்கள் அது கிடைத்ததும் கலைந்திருப்பார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க வேண்டும் என்ற தேவை அங்கீகாரத்தோடு தீர்ந்துபோவதில்லை.

அந்தத் தேவையில் குடியிருப்பின் பொது அறைக்காரனுக்கும் பங்கு உண்டு என்று நினைத்ததுதான் இவர்களுடைய மரபில் நான் மதிக்கும் பகுதி. அவனுக்குப் புரியுமா என்று கலைஞன் கவலைப்பட வேண்டாம். சுவரில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால்? அதையும் கேட்டுக்கொண்டு, அடுத்த ஓவியத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவனிடமே போயிருக்க வேண்டும்.