பேயை விரட்டினோம், பழியை விரட்டினோமா?

மதுரை மாநகரின் வடபுறம் ஆனையூர். அங்கே பாடம் சொல்லும் நாம், மாணவி ஒருத்தி பல நாள் வாராதது கண்டு காரணம் கேட்டோம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். என்ன நோய்? தலை கவிழ்ந்தாள். ஊர் விடை சொல்லிற்று, இரண்டு குரலில். பேய் பிடித்திருக்கிறது என்றது ஒரு குரல். போதை மாத்திரை தின்னும் நடத்தை கெட்டவள் என்றது மறு குரல்.

உண்மை என்ன? அந்த அம்மையார் கட்டட வேலைச் சித்தாள். கல்லும் மண்ணும் சுமந்து முதுகு நொந்தவர். வலி தீர வாங்கிய மாத்திரை, அது இன்றி உறக்கமில்லை, உழைப்பில்லை என்ற நிலைக்கு அவரை இழுத்துச் சென்றது. அபின் இனத்து மருந்துகளுக்கு மூளை பழகிவிடும். திடுமென நிறுத்தினால் உடல் நடுங்கும், எலும்பு நோகும், உறக்கம் ஓடும். இது உடற்கூற்றின் விதி. ஒழுக்கத்தின் அளவுகோல் அன்று. டிரமடால் என்னும் வலி மருந்தை 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்ததும் இத்தன்மை கருதியே.

தீர்வில்லாத நோயா? இல்லை! மெத்தடோன், புப்ரெனார்பின் ஆகியவற்றை உலக நலவாழ்வு அமைப்பு 2005-லேயே இன்றியமையா மருந்துகளில் சேர்த்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மனநல மருத்துவம் பெறுவது உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். தாமே முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இடமுண்டு.

மருந்து உண்டு, சட்டம் உண்டு; ஆயினும் அவர் போகவில்லை. ஏன்? ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும். அதனினும் பெரிது, பழி. கணவன் குடித்து வீழ்ந்தால் "ஆண்பிள்ளை, அப்படித்தான்" என்பர். மருத்துவமனை சென்றால் "திருந்தப் பார்க்கிறான்" என்பர். மனைவி சென்றாலோ, "இவள் மகளை எவன் கட்டுவான்?" என்பர். 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் போதைப்பொருள் பயன்படுத்துவோரில் மூவரில் ஒருவர் பெண். சிகிச்சை பெறுவோரிலோ ஐவரில் ஒருவரே பெண் என்று ஐக்கிய நாடுகள் அவை அப்போது கணக்கிட்டுக் கூறியது. எஞ்சிய பெண்கள் எங்கே? வீட்டுக் கதவுக்குப் பின்னே!

இழிவு சுமத்தப்பட்ட இனத்தில் பிறந்தவளானால் கொடுமை இரட்டிப்பு. அமெரிக்கத் தென் கரோலைனாவின் சார்ல்சுடன் நகரில், 1989 முதல், கருவுற்று மருத்துவம் நாடி வந்த பெண்களின் சிறுநீரை அவர்தம் ஒப்புதலின்றிக் கோக்கேனுக்காகச் சோதித்துக் காவல்துறைக்குத் தெரிவித்தனர். கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். அச்சோதனை அரசியல் சட்டத்துக்கு முரணென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2001-இல். அதே 2001, ஆகசுட்டு 6-இல், நம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். அங்கே விலங்கு, இங்கே சங்கிலி. நோயாளியைக் குற்றவாளியாகக் காணும் கண் மட்டும் ஒன்றே!

"தானே தேடிக்கொண்ட கேட்டுக்கு இரக்கம் எதற்கு?" என்பாருண்டு. விரைந்தோட்டிக் காலொடிந்தவனுக்குக் கட்டுப்போட மறுக்கிறோமா? முதலில் கட்டு, பிறகு அறிவுரை. நோயில் உழல்பவரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதானால், நோயிலிருந்து மீளும் வழியை முதலில் திறந்துவைக்க வேண்டாமா?

தோழர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறோம். அந்த அம்மையாரின் வீட்டுப் படியேற நாமும் தயங்கினோம். பார்ப்போர் என்ன நினைப்பர் என்ற அச்சம்! பேயில்லை என்று மேடையில் முழங்கும் நாம், மானம் என்னும் பேய்க்கு நடுத்தெருவில் அஞ்சி நின்றோம். மந்திரவாதியின் கையிலிருந்து வேப்பிலையைப் பிடுங்கினால் மட்டும் நோய் தீராது. பிடுங்கிய கை, அவரை அழைத்துச் செல்லவும் நீள வேண்டும்.

தயக்கம் தீர எமக்கு மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் ஆசிரியைத் தோழியர் இருவர் அவருடன் பேருந்து ஏறினர். அவர் மகள் மீண்டும் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். வீணான அந்த மூன்று நாட்களுக்கு நாம்தான் பொறுப்பு. உங்கள் தெருவில், எத்தனை நாட்கள்?