ஓய்வும் ஒரு மரியாதை

வாலாஜாபாத் முதல் ஒரகடம் வரை, ஆயுத பூஜையன்று பட்டறைகளில் லேத்துக்கும் வெல்டிங் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜையில் வைத்த கருவியை அது முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது மரபு. ஓய்வு கொடுப்பதும் மரியாதைதான் என்று நம் சமயமே ஒப்புக்கொள்கிறது. கருவிக்கு உண்டென்றால், அதைப் பிடிக்கும் கைக்கு வேண்டாமா? மே தினம் கேட்பது இதைத்தான்.

உழைப்பே வழிபாடு என்றால் விடுமுறை எதற்கு, அதுவும் சிகாகோவில் 1886இல் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தின் பெயரில் என்று சிலர் கேட்கலாம். 1923 மே 1 அன்று தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியபோதே இது நம் நாளாகிவிட்டது. மேலும், வழிபாடு மனமுவந்து செய்வது. நிறுத்தும் உரிமையில்லாத உழைப்பு வெறும் கட்டாயம். ஒருநாள் விடுமுறையால் என்ன மாறிவிடும் என்பது அடுத்த கேள்வி. 2023 ஏப்ரலில், தினசரி வேலையை 12 மணி நேரம்வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அதைத் திரும்பப் பெற்றதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தது மே தினத்தன்று. எட்டு மணி நேரம் யாரும் தந்த வரமல்ல, ஆண்டுதோறும் நினைவூட்டிக் காக்க வேண்டிய உரிமை. சம்பளத்துடன் கூடிய மே தின விடுமுறை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தவறாமல் கிடைத்தால்தான் மிஷினுக்கு இட்ட பொட்டுக்கும் பொருள் உண்டு.