தலைப்பா? தூண்டிலா?

சந்தை கூடும் நாளில், மரத்தடியிலே வட்டம் கட்டி நிற்பான் வித்தைக்காரன். கூடைக்குள்ளே பாம்பு, கோணிக்குள்ளே கீரி. "இதோ, சற்று நேரத்தில் இரண்டையும் மோதவிடப் போகிறேன்! இடையில் எழுந்து போகிறவன் இரத்தம் கக்கிச் சாவான்!" என்று முழங்குவான். உடுக்கை ஒலிக்கும்; கூட்டம் பெருகும்; பாம்பு மட்டும் கூடையைவிட்டு வெளிவராது. தாயத்து விற்றுத் தீர்ந்ததும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த சந்தைக்கு நடப்பான். சண்டையைக் காண வந்தவன் தாயத்தோடு வீடு திரும்புவான்.

அந்த வித்தைக்காரன் மறைந்துவிட்டான் என்று எண்ணுவோர், தங்கள் கைப்பேசியைச் சற்றே திறந்து பார்க்க வேண்டுகிறோம். "அதிர்ச்சி! அமைச்சரவையில் பூகம்பம்!" என்று அலறுகிறது தலைப்பு. உள்ளே நுழைந்தால், அமைச்சர் ஒருவர் கூட்டத்துக்குக் காலந்தாழ்ந்து வந்தார் என்றிருக்கிறது. "கதறிய தலைவர்! கைகொட்டிச் சிரித்த எதிரணி!" என்கிறது இன்னொன்று. கதறியவரும் இல்லை, சிரித்தவரும் இல்லை. அவையிலே ஒரு கேள்வி, ஒரு விடை, அவ்வளவே. தூண்டில் முள்ளில் புழு இருந்தாலாவது மீனுக்கு ஒரு வாய் இரை மிஞ்சும். இங்கே இருப்பது புழுவின் படம்!

அச்சேடுகளின் காலம் அப்பழுக்கற்ற காலம் என்று கதை கட்ட நாம் முன்வரவில்லை. நிலவிலே இறக்கை முளைத்த மனிதர் வாழ்கின்றனர் என்று 1835ஆம் ஆண்டிலேயே தொடர் கட்டுரை எழுதிற்று நியூயார்க் நகரத்துச் 'சன்' என்னும் ஏடு. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்ததாகச் சொல்லி, அவர் அறியாமலே அவர் பெயரையும் ஒட்டிக்கொண்டது. பொய் பழையது, அதை விற்கும் முறைதான் புதியது.

நாளேட்டை வாங்கியவர் முழு ஏட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். குடிநீர்த் திட்டத்தின் கணக்கும், வரவு செலவுத் திட்டத்தின் விளக்கமும், திரையுலகச் செய்தியும் ஒரே தாளில் அவர் வீட்டுக்குள் நுழைந்தன. ஆரவாரமற்ற செய்திக்கும் அந்தப் பந்தியில் ஓர் இலை கிடைத்தது. இணையத்திலோ, ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே தெருவில் நின்று தன்னைத்தானே கூவி விற்றாக வேண்டும். எத்தனை பேர் தொட்டனர், எத்தனை நொடி பார்த்தனர் என்பதே எடைக்கல். அதற்கேற்பவே விளம்பரக் காசு. எனவேதான், ஏரி தூர்ந்த கதை ஏறெடுத்துப் பார்ப்பாரின்றிக் கிடக்க, ஏசிக்கொண்ட இருவர் கதை ஏணி வைத்து ஏறுகிறது!

பொழுதுபோக்குச் செய்தியில் இந்த வித்தை நடந்தால் போவது பொழுது. அரசியல் செய்தியில் நடந்தால் பறிபோவது தீர்ப்பு. மக்களாட்சியிலே தீர்ப்பு வழங்குவோர் மக்கள். பொய்ச் சாட்சியை நீதிபதியின் முன் நிறுத்துவது குற்றமென்றால், கோடிக்கணக்கான நீதிபதிகளின்முன் நாள்தோறும் நிறுத்துவதற்கு என்ன பெயர்?

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை நினைவூட்டுகிறோம். பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தேடித் தேடித் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்ற செய்தி சமூக ஊடகங்களில் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. சான்றென்று காட்டிய காட்சிகளோ, வேறு இடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்தவை. தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து நிலைமையை அறிந்தது. வதந்தி பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. உண்மை வென்றது, ஐயமில்லை. ஆனால், வெல்வதற்குள் என்ன நடந்தது? ஹோலிக்கு ஊர் திரும்பிய கூட்டத்தோடு, அஞ்சிப் புறப்பட்டவரும் மூட்டை முடிச்சோடு இரயில் ஏறினர். கணவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டுக் கண்காணாத சிற்றூரிலே காத்திருந்த ஒருத்தி, அந்தத் தலைப்பைக் கண்டு எப்படித் துடித்திருப்பாள்! அவள் துடிப்பும் யாரோ ஒருவருடைய பார்வைக் கணக்கிலே ஓர் எண்ணாகச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

"மக்கள் விரும்புகின்றனர்; நாங்கள் தருகிறோம்" என்பர் இவ்வாணிபம் நடத்துவோர். கலப்பட எண்ணெய் விற்பவனும் இதையே சொல்லலாமே! அறிந்து கொள்வது விருப்பம். ஏமாந்து கொள்வது விருப்பமாகாது. உள்ளிருப்பதைத் தலைப்பிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு எத்தனை பேர் வருகின்றனர் என்று பார்க்கட்டும். அப்போது பேசட்டும் மக்கள் விருப்பத்தைப் பற்றி!

ஆனால், விற்பவனை மட்டும் கூண்டிலேற்றிவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018இல் 'சயின்ஸ்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மெய்யைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி. அதிலும் அரசியல் பொய்யே அனைத்தினும் விரைந்து ஓடிற்று. தானியங்கிக் கணக்குகளோ மெய்யையும் பொய்யையும் ஏறத்தாழ ஒரே அளவில் பரப்பின. பொய்க்குக் கால் கொடுத்தவர் மனிதர்; அதாவது, நாம்!

இனி, கசப்பான கேள்வி. எதிரணித் தலைவரைப் பற்றி இழிவான செய்தி ஒன்று வருகிறது. மெய்தானா என்று கேட்கிறோமா? "செய்யக்கூடியவர்தான்" என்று சொல்லிக்கொண்டே பகிர்கிறோமா? பொய்யென்று பின்னர் வெளிப்பட்டால், "இதைச் செய்யாவிட்டால் என்ன, வேறொன்று செய்திருப்பார்" என்று அமைதி காண்கிறோமா இல்லையா? பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற பேச்சு 1995இல் நாடெங்கும் பரவியபோது, சான்று எங்கே என்று கேட்டது பகுத்தறிவு. எதிரணியார் கையூட்டுப் பெற்றார் என்ற பேச்சு வரும்போது மட்டும் அந்தப் பகுத்தறிவு உறங்கலாமா? மூடநம்பிக்கை கோயில் வாசலில் மட்டுமா குடியிருக்கிறது? கொடிக்கம்பத்தின் நிழலிலும் அது படுத்துறங்கும், தோழர்களே!

பகைவனைப் பற்றிய பொய்யும் பொய்யே. அறத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பயன் கருதியும் சொல்கிறோம். பத்துப் பொய்க் குற்றச்சாட்டுகள் ஊரைச் சுற்றியபின், பதினோராவதாக மெய்யான ஊழல் ஒன்று வெளிப்படும்போது, "இதுவும் அப்படித்தான்" என்று கைவீசி நடக்கிறான் குற்றவாளி. அவனுக்கு அந்த விடுதலையை வாங்கித் தந்தவர், முன்னர்ப் பத்தையும் பரப்பியவரே.

ஆகவே, முழுதும் படிக்காத செய்தியைப் பகிர வேண்டாம். யார் சொன்னார், எங்கே, எப்போது என்று கேட்போம். மனத்துக்கு இனிக்கும் செய்தியை இருமடங்கு ஐயுறுவோம். தவறிப் பரப்பிவிட்டால், பரப்பிய அதே இடத்தில் வெட்கப்படாமல் திருத்தம் சொல்வோம். ஊர் ஊராய் அலைந்து உண்மை தேடும் செய்தியாளரின் ஏட்டுக்கு நாலு காசு கொடுத்துப் படிப்போம்.

வித்தைக்காரனின் வலிமை பாம்பிலும் இல்லை, கீரியிலும் இல்லை. சுற்றி நிற்கும் வட்டத்தில் இருக்கிறது. வட்டம் கலைந்தால் வித்தை முடிந்தது. இடையில் எழுந்தால் இரத்தம் கக்கிச் சாவோம் என்று இன்னுமா அஞ்சுகிறோம்?

எழுந்திருங்கள்!