அவள் முன்னமே புறப்பட்டுவிட்டாள்

நாங்கள் லண்டன் பாடிங்டனில் ரயிலுக்கு டிக்கெட் போடுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அவள் புறப்பட்டுவிட்டாள். மேற்கு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் மழையாக விழுந்தாள். சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் கசிந்தாள். இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே பூமியின் மடிச்சூட்டில் கிடந்து காய்ந்தாள். பிறகு பாறைப் பிளவு ஒன்றைப் பற்றிக்கொண்டு மேலேறி, பாத் நகரத்தின் நட்டநடுவில், 46 டிகிரி கொதிப்போடு, நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கும் மேலாகப் பொங்குகிறாள். இன்று பொங்கும் நீர் மழையாக விழுந்த அன்று ரோமாபுரி இல்லை, அதன் தேவதைகள் இல்லை, அவளைக் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை. கூப்பிடாமலே கிளம்பியவள் அவள்! இப்படி ஒருத்தி வந்துகொண்டிருக்கும்போது, நான் போய்வரத் திட்டம் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் திட்டம் போட்டோம். என் வீட்டுக்காரர் எழுதிய பட்டியலில் முதலில் ராயல் கிரெசென்ட், அடுத்து சர்க்கஸ் என்ற வட்ட வீட்டு வரிசை, அப்புறம் பல்டனி பாலம், நேரம் மிஞ்சினால் அந்த ஊற்றையொட்டி ரோமானியர் கட்டிய குளிப்பிடமான ரோமன் பாத்ஸ். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு அரசர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் எழுந்த தேன்நிறக் கல் வீடுகளைப் பார்க்கத்தான் உலகமே அங்கே போகிறது. 1987-இல் யுனெஸ்கோ நகரம் முழுவதையுமே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

"தீர்த்தத்தைப் பார்க்காம சத்திரத்தைச் சுத்திப் பார்ப்பாங்களா?" என்றேன்.

"சத்திரமா? ராயல் கிரெசென்ட்டைப் போய்ச் சத்திரம்ங்கறே!"

சத்திரம்தான். அந்த அழகான வீடுகளில் பலவும், சீசனுக்கு வந்து தண்ணீர் குடித்து, நீராடி, சீட்டாடி, நடனமாடிப் போகிறவர்கள் வாடகைக்குத் தங்குவதற்கென்றே எழும்பியவை. சீமான்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் கடைக்காரர்களும் வைத்தியர்களும் மாப்பிள்ளை தேடும் தாய்மார்களும் வந்தார்கள். அந்தப் பகட்டுக்கான பணத்தில் ஒரு பங்கு கரீபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய ரத்தம் என்பதையும் தூண்களைப் பார்த்து மயங்கும்போது மறக்கக் கூடாது. இத்தனை பேரும் அங்கே வந்ததற்குக் காரணம் அந்த ஊற்று. ஆகவே பட்டியலைத் தலைகீழாக்கினேன்: முதலில் அவள், மிச்சமெல்லாம் பிறகு.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கார் வேண்டாம், ஊருக்குள் எல்லாம் நடை தூரம்தான், ஆனால் மேடு, நல்ல செருப்பு வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தையும், நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களையும் தவிருங்கள். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து வார நாளில் சுற்றினால் அறை வாடகையும் இறங்கும், மனசும் நிறையும். குளிர்காலமே நல்லது. அப்போதுதான் அவள் மூச்சு ஆவியாகக் கண்ணுக்குத் தெரியும். ரோமன் பாத்ஸுக்குக் காலையின் முதல் நுழைவுக்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்களும் திங்கட்கிழமை காலையில் முதல் ஆட்களாக உள்ளே போனோம். பெரிய குளம் பச்சையாகக் கிடந்தது. திறந்த வெளியில் வெயில் படுவதால் பாசி பிடித்த பச்சை. அடியில் ரோமானியர் விரித்த ஈயத் தகடுகள் இன்னும் இருக்கின்றன. எல்லாரும் அங்கேயே நின்று படமெடுத்தார்கள். நான் நிற்கவில்லை. கால் தானாகப் போயிற்று, உள்ளே, இன்னும் உள்ளே. ஊற்றிலிருந்து மிகுந்த நீர் ஒரு ரோமானியக் கல் வளைவின் வழியே கொட்டிப் பாயும் இடம் அது. நீரிலுள்ள இரும்பு கல்லையெல்லாம் செம்மஞ்சளாகத் தீட்டியிருக்கிறது. குங்குமம் அப்பிய சந்நிதி! ஆவி எழுந்து வந்து என் முகத்தில் மோதிற்று. மூக்குக்கண்ணாடி மூடிப்போயிற்று. கழற்றித் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது எது, அவள் ஆவி எது என்று பிரிக்க முடியாமல், "வந்துட்டேன் தாயே, வந்துட்டேன்" என்று பிதற்றிக்கொண்டு நின்றேன். வந்தது நானா? மலையிலிருந்து வந்தவள் அவளல்லவா!

சூலிஸ் என்பது அவளுக்கு அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர். ரோமானியர் வந்தார்கள், அவளை விரட்டவில்லை. தங்கள் தெய்வமான மினெர்வாவை அவளோடு சேர்த்து சூலிஸ் மினெர்வா என்று கும்பிட்டு, முதல் நூற்றாண்டிலேயே கோயில் எழுப்பினார்கள். அந்தக் கோயிலின் பூசாரி ஒருவரை நமக்குப் பெயரோடு தெரியும்: கையஸ் கல்பூர்னியஸ் ரெசெப்டஸ். 75 வயதில் இறந்தார். அவரால் விடுதலை பெற்று அவருக்கே மனைவியான கல்பூர்னியா டிரிஃபோசா நட்ட கல் அங்கே இருக்கிறது. அந்தக் கல்லின் முன் நின்று, ஐயா, எத்தனை விடியலில் இந்த ஆவிக்குள் நடந்திருப்பீர்கள் என்று கேட்டேன். இன்றைய பிரான்சின் ஷார்த்ர் பகுதியிலிருந்து வந்த கல்தச்சர் பிரிஸ்கஸ், ஜெர்மனியின் டிரியரிலிருந்து வந்த பெரெக்ரினஸ், ஊர் பேர் தெரியாமல் 12,000-க்கும் அதிகமான நாணயங்களை நீருக்குள் காணிக்கையாகப் போட்டவர்கள் என்று எத்தனை பேர்! அந்த வரிசையின் வாலில் நான்.

பிராதுகளைப் பார்த்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஈயம் கலந்த மெல்லிய தகட்டில் குறையைக் கீறி, சுருட்டி, ஊற்றில் போட்டுவிடுவார்கள். நேரே அவள் கையில் சேரும். ஏறக்குறைய 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுக் கேஸ்தான்! குளிக்கப் போன இடத்தில் மேலங்கி காணோம், மோதிரம் காணோம். டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் தொலைந்துவிட்டன. எடுத்தவன் புத்தியும் கண்ணும் அவள் கோயிலிலேயே போகட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். இரண்டு கையுறைகளுக்கு இரண்டு கண்! இதைப் படித்துவிட்டு, பழங்காலத்து மூடத்தனம் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். தொலைந்த கையுறையைக்கூட ஒருத்தியிடம் போய்ச் சொல்லலாம், அவள் காது கொடுப்பாள் என்றிருந்த அந்த உரிமையைப் பார்த்து எனக்கு நெஞ்சு இளகிற்று.

பிறகு எல்லாம் முடிந்தது. ரோமானியர் போனார்கள், கோயில் இடிந்து சேற்றில் புதைந்தது. 1727-இல் ஸ்டால் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் கையில்தான் அவள் முகம் மறுபடி அகப்பட்டது. உடலிலிருந்து பிய்ந்த, பொன்முலாம் பூசிய வெண்கலத் தலை. அமைதியான முகம். கோபமே இல்லை. பூசை நின்று, பெயர் மறந்து, சிலை மண்ணுக்குள் போன அத்தனை நூற்றாண்டுகளிலும் ஊற்று பொங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கும்பிடுகிறவன் இருக்கிறானா என்று பார்த்துக் கொடுப்பவளா அவள்?

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் பாத் அபே. 973-இல் எட்கர் மன்னருக்கு முடிசூட்டியது இந்த இடத்தில் அன்றிருந்த பழைய தேவாலயத்தில். இப்போதுள்ளது ஆலிவர் கிங் என்ற ஆயர் 1499-இல் கண்ட கனவில் தொடங்கியது என்பார்கள்: வானத்துக்கு ஏணி, தேவதூதர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். மேற்கு முகப்பில் அந்த ஏணியைக் கல்லிலேயே வைத்திருக்கிறார்கள். இறங்குகிற தேவதூதர்களில் சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள், பாவம். உள்ளே விசிறி மடிப்பாக விரியும் கல் கூரை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் என்னை ஆட்கொண்டது கூரையல்ல, தரை. அண்மையில் அபேயைப் புதுப்பித்தபோது, ரோமானியர் கட்டிய வடிகாலில் ஓடும் வெந்நீரிலிருந்து சூட்டை எடுத்துத் தரையடியில் செலுத்தும்படி செய்துவிட்டார்கள். கேட்டீர்களா? ஏசுநாதர் ஆலயத்தின் தரையை சூலிஸ் சூடேற்றுகிறாள்! ஓரமாக ஒதுங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைக் கல்லில் வைத்தேன். வெளியே பிப்ரவரிக் குளிர் எலும்பைக் குடைகிறது. என் காலடியில் இளஞ்சூடு. யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாழ்ந்த சுரமும் அந்தச் சூடும் ஒன்றாகக் காலில் ஏறி, முழங்காலைக் கடந்து, தொண்டையில் வந்து அடைத்தன. தாயே, உன் கோயிலை இடித்த காலத்தின் பிள்ளைகளுக்கும் நீதானா அடுப்பு மூட்டுகிறாய்!

அப்புறம்தான் மேட்டில் ஏறினோம். ராயல் கிரெசென்ட்டில் 30 வீடுகள், 114 தூண்கள், பிறைவடிவம், முன்னால் புல்வெளி. நன்றாகத்தான் இருக்கிறது. என் மனம் தங்கியது சர்க்கஸில். ஜான் வுட் என்ற கட்டடக்கலைஞர் தன் ஊரின் பழங்கதையை மெய்யென்று நம்பியவர். பிளாடட் என்ற அரசகுமாரன் தொழுநோயோடு விரட்டப்பட்டு, பன்றி மேய்த்து, பன்றிகள் புரண்ட வெந்நீர்ச் சேற்றில் தானும் புரண்டு குணமடைந்து, அரசனாகி, அங்கேயே ஊர் எழுப்பினான் என்பது கதை. வுட் 1754-இல் இந்த வட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார், சில மாதங்களில் இறந்துபோனார், மகன்தான் முடித்தார். 33 வீடுகளும் வட்டமாக நிற்கின்றன. கைப்பிடிச் சுவரின் மேலே வரிசையாகக் கல்லில் செதுக்கிய ஓக் கொட்டைகள். பன்றிகளின் தீனி! அரண்மனை போன்ற மாளிகைகளின் தலையில் பன்றித் தீனியை ஏற்றி வைத்த அந்த மனிதரை நான் அடியார் என்றுதான் சொல்வேன். நடுவிலிருக்கும் மரங்களை வலம் வந்தேன். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு சுற்று வந்தார்.

நியூ கிங் தெருவில் வில்லியம் ஹெர்ஷல் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த அவர் 1781 மார்ச் 13 இரவு, அந்தக் கொல்லையிலிருந்துதான் யுரேனஸைக் கண்டார். தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்கையில் பல மணி நேரம் கையெடுக்க முடியாது. தங்கை கரோலின் ஊட்டிவிடுவார். அதுவும் தவம்தான்.

கடைசிக்கென்று வைத்திருந்தது கிராஸ் பாத். ரோமன் பாத்ஸ் நீரில் இறங்க அனுமதி இல்லை; சற்றுத் தள்ளி, தனக்கென்று ஓர் ஊற்றுள்ள இந்தச் சிறிய குளத்தில் பதிவு செய்து இறங்கலாம், மேலே திறந்த வானம். 1687-இல் இரண்டாம் ஜேம்ஸின் ராணி மேரி இங்கே பிள்ளை வரம் வேண்டி நீராடினாள். மறு ஆண்டு மகன் பிறந்தான். நான் படியில் கால் வைத்தேன். இறங்க இறங்க இடுப்பு, மார்பு, கழுத்து. சூட்டைத் தணித்துத்தான் விடுகிறார்கள், இருந்தும் அது சாதாரண வெந்நீர் அல்ல. மெத்தென்று உடம்பைத் தாங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருட்டில் நடந்து வந்தவள் இப்போது என் தோளைத் தொடுகிறாள்! மூழ்கினேன். எழுந்தேன். மறுபடி மூழ்கினேன். ராணி பிள்ளை கேட்டாள், டோசிமெடிஸ் கையுறை கேட்டான், எனக்கென்ன வெட்கம்? என் வலது முட்டியைக் கேட்டேன். மகளுக்கு நல்ல வேலை கேட்டேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கக் கேட்டேன். கேட்கக் கேட்க நாக்கு நிற்கவில்லை, என்னை மறந்து, தமிழில், வாய்விட்டே, "இவ்வளவு சூடா வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருந்தியாம்மா!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் கழுத்தளவு நீரில் கண்மூடிக் கிடந்த வெள்ளைக்காரப் பாட்டி கண்ணைத் திறந்து, ஆமாம் கண்ணே, இன்றைக்கு ரொம்ப அருமையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.