பலனைக் கருதுவது யார்?

ஆய்விதழின் பயனை அளக்க ஒரு வழி சொல்கிறார்கள்: எத்தனை காப்புரிமைகள் அதன் கட்டுரைகளை மேற்கோள் காட்டின என்று எண்ணுவது. ஆலங்குடிப் பக்கம் உளுந்து விதைக்கும் எனக்கு இது இடிக்கிறது. வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8 ரகம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு விதைக்கும் பயிர் ரகத்துக்கும் காப்புரிமை தராது. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி ரகப் பாதுகாப்பு தந்து, விதையைச் சேமிக்கும் உரிமையை உழவருக்கே விட்டது. ஆக, அந்தக் கணக்கில் இந்த உளுந்தைத் தந்த ஆய்வுக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான்.

பலன் கருதாமல் செய் என்கிறது கீதை. ஆய்வு செய்தவர் கருத வேண்டாம், சரி. தின்றவன் கருத வேண்டாமா? சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம், மாட்டுக்கும் வைக்கிறோம். பெயர் தெரியாத ஆய்வாளருக்கும் ஒரு படி வைக்கலாம் என்றேன். மருமகள் சிரிக்கிறாள்.