பிள்ளையின் ஏடும் பெரியவர்களின் கையெழுத்தும்



பிள்ளைச் செல்வங்கள் எல்லாம் வல்ல அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். ஓதக் கொடுப்பது, பள்ளிக்கூடம் அனுப்புவது, நல்ல உணவும் உடையும் தருவது எல்லாம் அந்த அமானிதத்தைப் பேணுவதில் சேர்ந்தவையே. ஆனால், சிறியதுதானே என்று நாம் அலட்சியமாக விட்டுவிடும் ஒரு பகுதியும் அதில் உண்டு. இம்மாதம் அதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் வசிக்கும் எமது தங்கை, சென்ற விடுமுறையில் தன் எட்டு வயது மகனுடன் ஊருக்கு வந்திருந்தாள். பையனிடம் பள்ளியில் கொடுத்த சிறு ஏடு ஒன்று இருந்தது. அந்நாட்டு ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் இப்படிப்பட்ட திட்டங்கள் நடக்கின்றன. படுக்கையைத் தானே சீராக்குவது, ஷூ நாடா கட்டுவது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது, எளிய உணவு ஒன்று தயாரிப்பது, பாத்திரம் கழுவுவது, ஆபத்து நேரத்தில் தொலைபேசியில் உதவி கேட்பது என்று வேலைகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் பிள்ளை தானாகச் செய்து முடித்ததும், வீட்டுப் பெரியவர் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். ஏடு நிறைந்தால் பள்ளியில் சான்றிதழும் சின்னமும் கிடைக்கும். எடின்பரோ கோமகன் பெயரில் இளைஞர்களுக்காக 1956ல் தொடங்கிய விருதைப் பார்த்து, சிறுவர்களுக்கென உண்டாக்கப்பட்டவையும் இவற்றில் உண்டு.

இது நம் நாட்டுக்கும் புதிதன்று. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1916லேயே சிறுவர்களுக்குக் குருளையர் படையை வகுத்தார். 1950ல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகள், ஆண்கள் குருளையராகவும் பெண்கள் புல்புல்களாகவும், படிப்படியாகத் தேறிச் சின்னம் பெறுகிறார்கள். இத்தனைக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான்: சாட்சி சொல்லும் பெரியவரின் நேர்மை.

அந்த நேர்மையில்தான் நாம் தவறினோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது பையனின் ஏட்டில் நான்கு இடங்கள் காலியாக இருந்தன. ஓரிரவு அவன் ஏட்டை நீட்டி, "மாமா, பொத்தான் தைக்கிறதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான்.

"நீயா தைத்தாய்?" என்று கேட்டோம்.

"உம்மும்மா தச்சாங்க. நான் பக்கத்துல ஊசியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான்.

தூரத்திலிருந்து வந்த பிள்ளை, முகம் வாடிவிடுமே என்று கையெழுத்திட்டோம். அவன் துள்ளிக்கொண்டு போனான். சற்று நேரத்தில் திரும்பி வந்து, மீதி மூன்று இடங்களையும் காட்டி, "இதுக்கும் போட்டுடுங்க மாமா" என்றான். முதல் கையெழுத்துக்காவது ஒரு காரணம் சொன்னான். இந்த மூன்றுக்கும் அதுவும் தேவைப்படவில்லை. அவன் பொத்தான் தைக்கக் கற்கவில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லலாம் என்பதைக் கற்றுக்கொண்டான். கற்றுக் கொடுத்தவர் நாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டில் அமர்ந்திருந்தபோது நடந்த சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவ்வீட்டுத் தாய் தம் சிறுமகன் அப்துல்லாஹ்வை, ஒன்று தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். என்ன தர நினைத்தீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தருளினார்கள். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் ஒரு வார்த்தைக்கே இந்தக் கணக்கு என்றால், பேனா எடுத்து எழுதிக் கொடுத்த சாட்சிக்கு என்ன கணக்கு? அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் பையனை அழைத்து, "நேற்று மாமா செய்தது தவறு" என்று சொல்லி, நம் கையெழுத்தை அவன் முன்னாலேயே அடித்தோம். அவன் கண் கலங்கியது. பழைய சட்டை ஒன்றையும் ஊசி நூலையும் கொடுத்தோம். நூல் சிக்கியது, விரலில் ஊசி குத்தியது. இருமுறை நம் கை அதைப் பிடுங்கப் போனது. பொறுத்துக்கொண்டோம். மஃரிபுக்குச் சற்று முன் பொத்தான் கோணலாக நின்றது, ஆனால் நின்றது. அதற்குக் கையெழுத்திட்டோம். மற்ற மூன்றில் இரண்டை அவன் ஊரிலேயே செய்து முடித்தான். ஒன்று காலியாகவே போயிற்று. அதுபற்றி அவன் வருந்தியதாகவும் தெரியவில்லை.

சகோதரிகளே! பிள்ளை செய்தால் நேரமாகிறது, சிந்துகிறது, உடைகிறது என்பதால் நாமே செய்துவிடுகிறோம். ஆடு உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு அது சரியாக வராததை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவனைச் சற்று ஒதுங்கச் சொல்லி, தங்கள் திருக்கரத்தைத் தோலுக்கும் தசைக்கும் இடையே செலுத்தி, எப்படி உரிப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குச் சென்றார்கள். ஏசவில்லை, "நீ போ, வேறொருவர் செய்யட்டும்" என்று விலக்கவும் இல்லை.

சொன்ன வேலையை மறந்து தெருவில் விளையாட்டைப் பார்த்து நின்றுவிட்ட சிறுவர் அனஸ் (ரலி) அவர்களைப் பின்னாலிருந்து பிடித்து, புன்முறுவலுடன்தான் விசாரித்தார்கள். சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கேளாமலே உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தபோது, வைத்தவர் யார் என்று விசாரித்து அறிந்து, அவருக்கு மார்க்க ஞானம் வேண்டித் துஆச் செய்தார்கள். செய்த வேலையைக் கவனிப்பதும் மனமார வாழ்த்துவதும் எந்தச் சின்னத்தையும்விடப் பெரிய பரிசல்லவா?

இன்னொன்று. இவ்வேலைகளைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவிக்கொண்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். செருப்பையும் ஆடையையும் தாங்களே தைத்துக்கொண்டதாகவும் அறிவிப்பு உண்டு. அந்த உம்மத்தின் ஆண்பிள்ளை, தின்ற தட்டை உம்மா எடுக்கட்டும் என்று எழுந்து போவது சுன்னத்தா?

பள்ளிக்கூடம் ஏடு தந்தால்தான் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் இவ்வளவு எழுதுங்கள்: தண்ணீரை வீணாக்காமல் உளூச் செய்தல், தின்ற தட்டைக் கழுவுதல், துணியை மடித்தல், பொத்தான் தைத்தல், கடைக்குப் போய்ச் சில்லறையை எண்ணி ஒப்படைத்தல், வழி தவறினால் சொல்ல வாப்பாவின் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண் அறிதல், நோயாளியான அண்டை வீட்டாருக்கு உணவு கொண்டுபோதல். அண்டை வீட்டார் யாராயினும் சரியே. ஒருமுறை காட்டிக் கொடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். செய்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். செய்யாத இடம் காலியாக இருந்தால் இருக்கட்டும். காலியான இடம் பாவமல்ல. பொய்க் கையெழுத்துதான் பாவம்.

நாளை மறுமையில் நம் ஏடுகளும் விரிக்கப்படும். அங்கே எவருடைய தாட்சண்யமும் ஒரு வரியை நிரப்பித் தராது. அந்நாளை நினைத்து வாழும் உண்மையான உள்ளத்தையும், உழைக்கக் கூசாத கைகளையும் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.