தாயா குற்றவாளி?

கருவுற்ற 18 முதல் 20 வாரங்களில், வளரும் கருவின் உறுப்புகளை ஸ்கேன் வழியே ஆராய்கின்றனர். பெரும்பாலோர் புன்முறுவலோடு வீடு திரும்புவர். சிலர் காதிலோ, "இதயத்தில் குறை இருக்கிறது", "முதுகெலும்பு மூடவில்லை" என்ற சொற்கள் இடியென விழுகின்றன.

குறையைச் சொன்னவர் மருத்துவர். தீர்ப்பை எழுதுவதோ ஊர்! "கிரகணத்தன்று வெளியே வந்தாளாம்" என்கிறது ஒரு குரல். "முற்பிறவி வினை" என்கிறது மற்றொன்று. "திருக்கருகாவூர் அம்மனுக்கு நேர்ந்துகொள்ளவில்லையே" என்கிறது மூன்றாவது. தந்தையை எவரும் கேட்பதில்லை. கூண்டில் நிற்பவள் தாய் மட்டுமே. குழந்தையை எண்ணிக் கலங்குபவள், தன்னையும் வெறுக்கத் தொடங்குகிறாள்.

தஞ்சை உழவன், பயிரில் குலைநோய் கண்டால் நாற்று நட்டவளின் பாவத்தைத் தேடுவதில்லை; ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் வழியைத் தேடுகிறான். நெல்லுக்குக் காட்டும் நியாயத்தைப் பெண்ணுக்குக் காட்ட மறுப்பதேன்?

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருப்பதே இயல்பு. டவுன் நோய்க்குறி உடையோரிடம் 47 இருப்பதைப் பாரிசு ஆய்வாளர்கள் 1959-இல் வெளியிட்டனர். முட்டையோ விந்தோ உருவாகையில் நேரும் பிரிவுப் பிழையே பெரும்பாலும் அதற்குக் காரணம். தஞ்சை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1959-இல்தான்! கல்லூரி வந்து அறுபதாண்டுகள் கடந்தும், கிரகணக் கதை ஊரைவிட்டுப் போகவில்லை.

நெருங்கிய உறவில் மணம் செய்வது சில மரபுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும். கருவுறுமுன்பே உண்ணும் ஃபோலிக் அமிலம் முதுகெலும்புக் குறைகள் பலவற்றைத் தடுக்கும். இவற்றை நாம் ஊரெங்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால், வருமுன் சொன்னால் அது அறிவு. வந்தபின் அழுபவளிடம் சொன்னால் அது வசை!

பகுத்தறிவு பேசும் நம்மிடமும் ஒரு கேள்வி. "வெறும் தற்செயல்தானே, அழுவானேன்?" என்று நாம் கேட்கலாமா? காரணம் தெரிந்ததால் துயரம் கரைந்துவிடாது. பெயரிட்டு, தொட்டில் பேசி, கனவு கண்ட குழந்தை அது. விளக்கேற்றி விம்முபவளோடு நமக்கு வழக்கில்லை; "உன் பாவம்" என்று அவளிடம் சொல்பவனோடுதான் வழக்கு.

"கலைத்துவிடு" என்று ஆணையிடுவதும் பகுத்தறிவன்று. "கலைத்தால் நரகம்" என்று அச்சுறுத்துவதும் அறமன்று. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், வயது வந்த பெண்ணின் இசைவையே கேட்கிறது. கணவனின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. கருவில் கடுங்குறை உண்டென மருத்துவ வாரியம் கண்டறிந்தால், வார வரம்பு தடையாகாது என்றது 2021-ஆம் ஆண்டுத் திருத்தம். ஈன்று வளர்ப்பேன் என்பவளையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முடிவு அவளுடையது.

அப்படியாயின் நம் கடமை என்ன? புரியும் தமிழில் உண்மையைச் சொல்லச் செய்வது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கத் துணைபோவது. அத்தகைய குழந்தையை வளர்க்கும் பெற்றோரைச் சந்திக்க வைப்பது. சிந்திக்க அவகாசம் தருவது. மனைவிக்காகக் கண்ணீரை அடக்கி நிற்கும் கணவனையும் அழவிடுவது. எம்முடிவு எடுத்தாலும், மறுநாளும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்வது.

தோழர்களே! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது. அது ஒரு தாயின் தலையில் ஏற்றிவைத்த பழியை இறக்கிவைக்க, அவள் வீட்டுவாசல் வரை நடந்தாக வேண்டும். நடப்போம்!